கரைப் பக்கத்து மஞ்சள் கயாக்

போன சனிக்கிழமை பாரிஸில் லா சப்பல் மெத்ரோப் படிகளில் ஒரு பிரெஞ்சுப் பையன் இறங்கிக்கொண்டிருந்தான். அவன் முதுகுப் பையிலிருந்து ஒரு துடுப்பு தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. கறிவேப்பிலைக் கட்டும் முருங்கைக்காயுமாய் ஏறிவந்த எங்கள் சனம் முழுக்க, ஏதோ வாகனத்துக்கு ஒதுங்குவதுபோல அந்தத் துடுப்புக்கு ஒதுங்கி வழிவிட்டது. அவன் என்னைக் கடந்தபோது ஒரு மணம் வந்தது. நனைந்து சரியாகக் காயாத ரப்பரும் ஆற்றுச் சேறும் கலந்த மணம். எனக்கு உடனே செத்தல் மிளகாய் ஞாபகம் வந்தது.

சேற்றுக்கும் செத்தல் மிளகாய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஆனால் நேர்கோட்டில் சொல்ல எனக்கு வராது. கயாக் என்கிற துடுப்பு வள்ளமும் அப்படித்தான், இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு என்று மூக்கை ஆட்டி ஆட்டித்தான் முன்னே போகும்.

எங்கள் வீடு அப்போது பாரிஸுக்கு வெளியே வில்லியே லே பெல்லில், ஏழாம் மாடியில் இருந்தது. என்னுடைய கயாக் காற்றடிக்கிற வகை. மஞ்சள் நிறம், இரண்டு பேர் இருக்கலாம். ஆற்றிலிருந்து கொண்டுவந்து பல்கனியில் விரித்துக் காயவைப்பேன். வெயில் படுகிற ஒரே இடம் அதுதான். அம்மா மிளகாய் காயவைக்கிற இடமும் அதுதான். ஒரு கோடையில் இரண்டு அரசாங்கங்களுக்கும் சண்டை வந்து, கடைசியில் அம்மா கயாக்கின் மேலேயே துணியை விரித்து மிளகாயைப் பரப்பிவிட்டா. அதற்குப் பிறகு ஆற்றங்கரையில் நான் காற்றடிக்கும்போதெல்லாம் மடிப்புகளிலிருந்து மிளகாய்த் தூள் கிளம்பும். தும்மிக்கொண்டே கயாக் ஊதிய ஒரே ஆள் இந்த நாட்டில் நானாகத்தான் இருப்பேன்.

எனக்கு அப்போது இருபது வயது. பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தேன். சனிக்கிழமைகளில் லா சப்பலில் ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு தொலைபேசிக் கடையில் வேலைக்கு நின்றேன். ஆள் வராத நேரத்தில் காணொளிகள் பார்ப்பேன். ஏதோ ஒரு நாள் அமெரிக்கத் தகப்பன் ஒருவர் கண்ணில் பட்டார். மூன்று பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, வேலைக்குப் போகுமுன் கிடைக்கிற இரண்டு மணித்தியாலத்தில் கயாக்கை ஆற்றில் தள்ளி, ‘சின்னவாய் பாஸ்’ என்று ஒரு மீனைப் பிடிக்கிறார். பிடித்து, முகத்துக்கு நேரே பார்த்து, திரும்பத் தண்ணீரில் விட்டுவிட்டு, மத்தியானம் மகளின் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கப் போகிறார். மீனைவிட எனக்கு அந்த இரண்டு மணித்தியாலம்தான் பிடித்தது. குடும்பத்துக்கு நடுவில் ஒரு இடுக்கைக் கண்டுபிடித்து அதற்குள் ஒரு வள்ளத்தை நுழைத்திருக்கிறாரே மனுசன்!

எங்கள் வீட்டில் இடுக்கு என்று ஒன்று கிடையாது. அப்பா ரெஸ்டோரண்டில் சமையல். அம்மாவுக்கு பிரெஞ்சில் ‘போன்ஜூர்’ தாண்டினால் நான் வேண்டும். வைத்தியர், வங்கி, கடிதப் பெட்டி, கோபத்தோடு வருகிற கீழ் வீட்டுக்காரி, எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பாளர் நான்தான். ஆறு வயது மூத்த அக்கா ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்து, மாலையில் வந்து வீட்டைக் கொண்டுநடத்தினாள். மிஞ்சியது ஞாயிறு காலை. அதுவும் பத்தரை வரை. அதற்குப் பிறகு கோயில், விருந்து, யாராவது ஒருவருடைய மண்டபம்.

சின்னவாய் பாஸ் எங்கள் பக்க ஆறுகளில் இல்லை. ஒரு மாதம் தேடிய பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது. அதற்குள் கயாக்கை வாங்கிவிட்டேன். எனக்கு வாய்த்தது பேர்ஷ். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய, வரி போட்ட மீன். பரவாயில்லை என்று நினைத்தேன். அமெரிக்கனுக்கு அவனுடைய மீன், எனக்கு என்னுடையது.

மீன்பிடிக்க இங்கே ஒரு அட்டை எடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் ‘காட்’ என்றால் ஒரே ஒரு காட்தான், வதிவிட அட்டை. அதற்காக அப்பா எத்தனை விடியற்காலைகள் பிரெபெக்தூர் என்ற அரசாங்க அலுவலக வரிசையில் நின்றார் என்பது எங்கள் குடும்பப் புராணத்தில் பாதி. என்னுடைய மீன் காட்டைக் கையில் எடுத்து, கண்ணாடி போட்டு, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“ஒரு வருஷம்தானோ தந்திருக்கிறாங்கள்?”

“ஓம் அப்பா.”

“பத்து வருஷத்துக்குக் கேட்டிருக்கலாமே பிள்ளை. சம்பளத் துண்டுகளைக் காட்டினனியோ?”

அம்மாவுக்கு வேறு கவலை. “என்னடி இது, வள்ளமோ?”

“கயாக் அம்மா.”

“மிதந்தால் வள்ளம்தானே. உனக்கென்ன விசரோ?”

ஞாயிறு காலையில் கயாக்கை மடித்து, மரக்கறி வாங்குகிற இழுவைப் பையில் திணித்து, ஆர்.இ.ஆர். டி ரயிலில் ஏறி, கடைசித் தரிப்பான கிரேய் வரை போவேன். அங்கே வாஸ் ஆறு ஒரு தீவைச் சுற்றிக்கொண்டு போகும். ஏறுகிற சனம் என் பையைப் பார்த்து உள்ளே கிழங்கு இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும்.

தனியே போகக் கொஞ்சம் பயம். ஆகவே ஆள் தேடினேன். கடைக்கு எதிரே சேலைக் கடையில் ஜெனிற்றா நின்றாள். என் வயதுதான். முல்லைத்தீவுக் கரையோரம். சண்டை முடிந்து சில வருடங்களில் தனியே வந்து சேர்ந்தவள். நான் கடை வாசலில் நின்றபடியே கேட்டேன்.

“நீங்கள் முல்லைத்தீவு தானே? அப்ப மீனைப் பற்றி எல்லாம் தெரியும் என்ன?”

அவள் சேலை மடிப்பதை நிறுத்தவில்லை. “நீங்கள் வலிகாமம் தானே? அப்ப வெங்காயம் நடத் தெரியும் என்ன?”

எனக்கு வெங்காயம் ஒழுங்காக வெட்டக்கூடத் தெரியாது. நான் முழித்த முழியைப் பார்த்து அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் எங்கள் சிநேகம் தொடங்கியது. ஆனால் நான் கேட்ட கேள்வி எப்படிப்பட்டது என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. பகிடியான கேள்வி என்றுதான் நினைத்தேன்.

அவளுடைய தகப்பன் கடற்தொழில் செய்தவர். மகளைக் கரையில் நிற்கவும் விட்டதில்லையாம். “படி, படி எண்டு கலைச்சுப்போடுவார். நான் வள்ளத்திலை ஒருக்காத்தான் ஏறினனான். ரெண்டாயிரத்து ஒன்பதிலை. அதைக் கேக்காதை.” நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

பிறகு ஏன் என்னோடு வந்தாள்? அவள் இருந்த அறையில் நான்கு பெண்கள். பிரெஞ்சுப் பரீட்சைக்குப் படிக்க ஒரு மூலையில்லை. “சத்தமில்லாத இடமெண்டால் வாறன். ஆனால் உந்தச் சாமானிலை ஏற மாட்டன்” என்றாள். முதல் சில ஞாயிறுகள் கரையில் இருந்து பையைப் பார்த்துக்கொண்டு வினைச்சொல் பாடமாக்கினாள். ஒருநாள், நான் கேட்காமலே, சப்பாத்தைக் கழற்றி இழுவைப் பைக்குள் வைத்துவிட்டு வந்து முன் இருக்கையில் ஏறினாள். ஏறியவள் ஐந்து நிமிடம் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு துடுப்பை எடுத்து, பாடமாக்கிய பிரெஞ்சு வினையைத் திரித்து, “ஜ சுயி” என்று ஒரு இழுப்பு, “து எ” என்று ஒரு இழுப்பு, “இல் எ” என்று இன்னொன்று. “நூ சொம்” வருகிறபோது நாங்கள் தீவைத் தாண்டியிருந்தோம். அதற்குப் பிறகு எங்கள் கயாக் எப்போதும் வினைத்திரிபில்தான் ஓடியது. எதிர்காலத்தில் வேகமாகப் போகும். நிபந்தனை வினை வந்தால் நேரே புதருக்குள்.

மீனைச் சொல்ல மறந்துவிட்டேன். சரக்குப் படகுகள் கட்டிக்கிடக்கிற மதிலோரம் நிழல் விழும் இல்லையா, அதற்குள் பேர்ஷ் கூட்டமாய் நிற்கும். சின்ன விரல் அளவு ரப்பர் மீனைத் தங்கூசி நூலில் கட்டி மதிலை ஒட்டி இறக்க வேண்டும். அடியில் தட்டுகிறது கைக்குத் தெரியும். தூண்டில் தடியை ஒரு சாண் தூக்கு, விடு. தூக்கு, விடு. யாரோ கதவை ஒரே ஒரு தரம் தட்டிவிட்டு ஓடினதுபோல ஒரு ‘டொக்’ வரும். அந்த ‘டொக்’ வருகிற நொடியில் பிரெபெக்தூர், பரீட்சை, கீழ் வீட்டுக்காரி ஒருவரும் உலகத்தில் இல்லை. மேலே வந்தால் செம்மஞ்சள் செட்டையோடு, பள்ளிக்கூடக் கலைவிழாவுக்கு உடுத்திவிட்ட பிள்ளைபோல மினுங்கும். முதுகு முள் குத்தி நான் ‘ஆ’ என்று கத்த, ஜெனிற்றா முன்னாலிருந்து திரும்பாமலே, “இறந்தகாலமோ நிகழ்காலமோ?” என்பாள்.

முதல் இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா மஞ்சள் தேய்த்து, இன்னும் தேய்த்து, குழம்பு வைத்தா. “சேத்து மணம்” என்று சொல்லிக்கொண்டே இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டா. அதற்குப் பிறகு நான் பிடித்து விடத் தொடங்கினேன். வெறுங்கையோடு வந்த முதல் நாள்:

“ஒண்டும் படேல்லையோ?”

“ஒன்பது பட்டது. விட்டிட்டன்.”

“விட்டிட்டியோ! விடுறதுக்கே விடிய எழும்பிப் போறாய்? எடியே, இதை ஆரிட்டையும் சொல்லிப்போடாதை. மீன் பிடிக்கிறாய் எண்டாலும் பறவாயில்லை, பிடிச்சு விடுறாய் எண்டால் தலை சரியில்லை எண்டு சொல்லுவினம்.”

சனம் என்ன சொல்லும் என்று அம்மா எப்போதும் சரியாகக் கணிப்பா. இந்தமுறைதான் பிழைத்துவிட்டது.

அக்காவுக்கு அப்போது சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். லா கூர்னெவ்வில் இருக்கிற ஒரு பொடியன், அலுவலக வேலை. சாதகம் பொருந்தி, இரண்டு பேரும் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் மூன்று தரம் கோப்பி குடித்திருந்தார்கள். மூன்றாம் தரம் குடித்துவிட்டு வந்த அக்கா பாத்திரம் கழுவும்போது தன்பாட்டில் சிரித்தாள். இருபத்தாறு வருடத்தில் பாத்திரத்தைப் பார்த்துச் சிரிக்கிற ஆள் இல்லை அவள்.

பிறகு அந்தப் பக்கத்திலிருந்து தொலைபேசி நின்றது. ஒரு கிழமை, இரண்டு கிழமை. கடைசியில் கலியாணம் பேசுகிற அன்ரி அம்மாவை அழைத்து, குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னா. அவர்கள் பெர்தொனேயில் விசாரித்திருக்கிறார்கள். விசாரித்த இடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்: “அவையின்ரை இளைய பெட்டை ஞாயிறு ஞாயிறு வள்ளம் கொண்டு மீனுக்குப் போறவள்.”

அவ்வளவுதான். அதிலிருந்து மிச்சத்தை அவர்களாகவே கூட்டிக் கழித்துவிட்டார்கள்.

எங்கள் ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சாதியை எங்களில் ஒருவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை; அவ்வளவு நாகரிகமான ஆட்கள். ஊர் எது என்று கேட்பார்கள். சொன்னதும், “ஊரிலை எந்தப் பக்கம்?” என்பார்கள். எங்கள் ஊருக்குக் கோயில் பக்கம் என்று ஒன்று, கரைப் பக்கம் என்று ஒன்று. கோயில் பக்கம் தோட்டக்காரர். கரைப் பக்கம் கடற்தொழில் செய்கிறவர்கள். நாங்கள் கோயில் பக்கம். பதில் கோயில் பக்கம் என்றால் கேட்டவர் முகம் தளரும். கரைப் பக்கம் என்றால் முகம் அப்படியே இருக்கும். தேத்தண்ணி மட்டும் சீக்கிரம் முடிந்துவிடும். கடலே இல்லாத பாரிஸில், மெத்ரோப் பாலத்துக்குக் கீழே, பிரெஞ்சுக் கடவுச்சீட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு இதைக் கேட்கிறார்கள். பிளாஸ்டிக் கயாக் ஒன்றைக் காரணமாக்கி ஒரு குடும்பத்தையே கரைப் பக்கத்துக்குக் குடிபெயர்த்துவிட்டார்கள். புவியியல் படித்த எனக்கே அப்படி ஒரு இடப்பெயர்ச்சி தெரியாது.

அம்மா இரண்டு விஷயம் கேட்டா. ஒன்று, நான் கயாக்கை நிறுத்த வேண்டும். மற்றது, அப்பா அவர்களுக்கு அழைத்து ‘தெளிவுபடுத்த’ வேண்டும்.

“என்னத்தைத் தெளிவுபடுத்திறது?” என்று கேட்டேன்.

“நாங்கள் அவையில்லை எண்டு.”

“அவையெண்டால் ஆர் அம்மா? வாய்விட்டுச் சொல்லுங்கோ.”

“கத்தாதை. கொக்காவின்ரை வாழ்க்கை.”

“நான் நிப்பாட்ட மாட்டன். அப்பா போன் எடுத்தால் நான் பக்கத்திலை நிண்டு பொய் எண்டு சொல்லுவன்.”

அப்பா உப்புப் பார்ப்பவர்போல நாக்கைச் சப்பிக்கொண்டு, “நாலு மாசம் உதை மடிச்சு வையன் பிள்ளை. மீன் எங்கையும் போகாது” என்றார். அக்கா எழும்பிப் பல்கனிக்குப் போனாள்.

நான் பல்கனியில் வைத்து அவளைக் கேட்டேன். நேரே கேட்டேன். “உனக்கு அவரைப் பிடிச்சிருக்கோ?”

அவள் மிளகாயைப் புரட்டிக்கொண்டே, “ஓம். பிடிச்சிருக்கு” என்றாள்.

என்னுடைய வீராப்பு அந்த ஒரு ‘ஓம்’ முன் கரைந்துவிட்டது. அடுத்த இரண்டு ஞாயிறும் நான் போகவில்லை. எனக்குப் பரீட்சை என்று ஜெனிற்றாவுக்குச் செய்தி அனுப்பினேன். அவள், “எந்தப் பாடம்?” என்று மட்டும் கேட்டாள். நான் தொலைபேசியைக் கவிழ்த்துவைத்தேன். சீறிக்கொண்டு நின்ற ஆள் இப்படிச் சத்தமில்லாமல் மடிந்து பைக்குள் போனதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மூன்றாம் ஞாயிறு அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையும் தாயும். ‘ஒருக்கா நேரிலை பாத்துக் கதைப்பம்’ என்று அன்ரி சொல்லி ஒழுங்கு செய்திருந்தா. அம்மா எட்டு ரோல்ஸ் பொரித்தா. கயாக்கைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி மேலே போர்வையைத் தொங்கவிட்டா. வயதுக்கு வந்த ஒரு கயாக்கை ஒளித்துவைத்திருக்கும் வீடு உலகத்தில் எங்களுடையதாகத்தான் இருந்திருக்கும்.

அந்தத் தாய் பொல்லாதவா என்று சொல்ல மாட்டேன். நல்லாகச் சிரித்தா. ரோல்ஸைப் புகழ்ந்தா. பிறகு என்னைப் பார்த்து, “தங்கச்சி மீன் பிடிக்கப் போறவவாமே?” என்றா.

“ஓம் மாமி” என்றேன். குரல் எலியின் குரல்.

“நல்ல பொழுதுபோக்கு.” கையைத் துடைத்துக்கொண்டு அம்மா பக்கம் திரும்பினா. “அது சரி, ஊரிலை நீங்கள் எந்தப் பக்கம்?”

அம்மாவின் முகத்தில் ஒரு நிம்மதி பரவியதைப் பார்த்தேன். பரீட்சையில் படித்த கேள்வி வந்துவிட்ட பிள்ளையின் நிம்மதி. “நாங்கள் வந்து...” என்று தொடங்கினா.

“கரைப் பக்கம், மாமி” என்றாள் அக்கா.

தட்டிலிருந்த ஒரு ரோல்ஸ் உருண்டதுகூடக் கேட்டது. அக்கா அவாவைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை?”

அவர் தாயைப் பார்த்தார், தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார், பிறகு பிரெஞ்சுக்குள் ஓடி ஒளிந்துகொண்டார். “இது கொஞ்சம் கொம்ப்ளிக்கே...” சிக்கலான விஷயமாம்.

“பல் ஆஸ்பத்திரியிலை உந்தச் சொல்லை நாளுக்கு நாப்பது தரம் கேக்கிறன்” என்றாள் அக்கா. “ஞானப் பல்லுப் பிடுங்கிறது கொம்ப்ளிக்கே. இது இல்லை.”

வந்தவர்கள் கோபித்துக்கொண்டு எழும்பவில்லை. மிச்ச ரோல்ஸையும் சாப்பிட்டு, மழையைப் பற்றிக் கதைத்து, நல்லபடியாகத்தான் போனார்கள். எங்கள் ஆட்கள் அப்படித்தான் போவார்கள்.

கதவு சாத்தியதும் அம்மா தலையில் கைவைத்தா. “பொய் சொல்லி உன்ரை வாழ்க்கையை நீயே குழப்பினாய்.” அக்கா கோப்பைகளை எடுத்தாள். நான் கட்டிலுக்குக் கீழிருந்து கயாக்கை இழுத்து வெளியே எடுத்தேன். எனக்குள் வெடி கொளுத்தின மாதிரி. இந்தக் கதையை ஜெனிற்றாவுக்குச் சொல்ல அடுத்த ஞாயிறு வரை எப்படிப் பொறுத்தேனோ தெரியாது.

ஆற்றின் நடுவில் வைத்துச் சொன்னேன். குரல்களை எல்லாம் மாற்றி, நடித்து. ஜெனிற்றா முன் இருக்கையில் இருந்தாள். அவளுடைய முதுகுதான் எனக்குத் தெரியும். நான் முடித்த பிறகும் முதுகு சிரிக்கவில்லை.

“கொக்கா நல்ல ஆள்” என்றாள் கடைசியில். “ஆனால் உங்களுக்கு உது ஏலும். இண்டைக்குக் கரைப் பக்கம் எண்டு சொல்லலாம், நாளைக்குப் பகிடிக்குச் சொன்னனாங்கள் எண்டும் சொல்லலாம். பாத்துக்கொண்டிரு, அவை திருப்பி விசாரிப்பினம், நீங்கள் நல்ல ஆக்கள் எண்டு அறிஞ்சால் திரும்பி வருவினம். என்னட்டை எந்தப் பக்கம் எண்டு ஒருத்தரும் கேக்கிறதே இல்லை. பேரையும் ஊரையும் சொன்னால் காணும்.”

நான் துடுப்பை மடியில் வைத்தேன்.

“இன்னொண்டு சொல்லட்டோ? இது ரெண்டாவது வருஷம். உன்ரை வீட்டுக்குக் கீழை நிண்டு நிண்டு அந்தப் படிக்கட்டிலை எத்தினை பேர் சிகரெட் பத்துறாங்கள் எண்டு எனக்குத் தெரியும். மேலை ஒருநாள் வா எண்டு நீ கூப்பிடேல்லை.”

சரக்குப் படகு ஒன்று வந்து அலையடித்தது. கயாக் ஆடியது. உண்மைதான். “கீழை நில், கெதியா இறக்கிக்கொண்டு வாறன்” என்று ஒவ்வொரு ஞாயிறும் நான்தான் சொல்லியிருக்கிறேன். அம்மா ஏதாவது கேட்டுவிடுவாவோ என்ற பயம் எனக்குள் இருந்தது. அந்தப் பயத்துக்கு நான் ‘நேரமில்லை’ என்று பெயர் வைத்திருந்தேன். முல்லைத்தீவு என்றால் மீன் தெரியும் என்று நான் கேட்ட கேள்வியும், “எந்தப் பக்கம்?” என்ற கேள்வியும் ஒரே கடையில் வாங்கின சாமான்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

“இண்டைக்கு வா” என்றேன்.

“பாவம் பாத்துக் கூப்பிடுறியோ?”

“இல்லை. கயாக் பாரமாய் இருக்கு. தூக்க ஆள் வேணும்.”

அதற்குத்தான் சிரித்தாள்.

அம்மா கதவைத் திறந்து, நனைந்த காற்சட்டையோடு நின்ற இரண்டு பேரையும் பார்த்தா. திரும்பி உள்ளே போனா. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஏதாவது நடந்தால் சண்டைக்கு நான் தயார். அம்மா தேத்தண்ணியோடு வந்தா. விருந்தாளிகளுக்கு வைத்திருக்கிற கோப்பை. எதிரே இருந்து, கைகளை மடியில் வைத்தா. என்ன கதைப்பது என்று தெரியாமல், பழக்கத்தில் வாய் தானாகவே தொடங்கிவிட்டது.

“பிள்ளைக்கு ஊரிலை எந்த...”

நின்றது. அக்கா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா ஒருதரம் விழுங்கினா.

“...ஊரிலை இப்ப மழையாமோ?”

“ஓம் அம்மா, நல்ல மழையாம்” என்றாள் ஜெனிற்றா.

அம்மாவின் வாழ்க்கையில் அதுதான் மிகப்பெரிய புரட்சி. நீங்கள் சிரிக்கலாம். நான் சிரிக்க மாட்டேன்; அந்த விழுங்கலைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

ஒரு மாதம் கழிந்து ஜெனிற்றா சொன்னபடியே நடந்தது. மாப்பிள்ளையின் தாய் அழைத்தா. அம்மாவுக்குக் கை மாவாக இருந்ததால் ஒலிபெருக்கியைப் போட்டா. குரலில் அவ்வளவு மகிழ்ச்சி. “நாங்கள் வடிவாய் விசாரிச்சுப் பாத்தம். உங்கடை பிள்ளை நல்லாய்ப் பகிடி விட்டிட்டா! நீங்கள் எங்கடை ஆக்கள்தான். பொடியனும் ஓமெண்டிட்டான்.”

அம்மா மாவுக் கையோடு அக்காவைப் பார்த்தா. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் ‘ஓம்’ என்று சொல்லியிருந்தால் நான் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது. அவள் மேசையருகே குனிந்து, தெளிவாக, நோயாளிக்கு நேரம் குறித்துக் கொடுக்கிற குரலில் சொன்னாள்:

“மாமி, நாங்களும் விசாரிச்சுப் பாத்தம். நீங்கள் எங்கடை ஆக்கள் இல்லை.”

அன்று மாலை குளியலறைக்குள் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் நின்றாள். அடுத்த நாள் வேலைக்குப் போனாள்.

அதெல்லாம் போய்ப் பல வருடமாகிவிட்டது. மஞ்சள் கயாக் ஒரு கோடையில் பொருத்து விட்டுப் பிளந்தது. எந்தப் பசையும் நிற்கவில்லை. ஜெனிற்றா பரீட்சையில் தேறி, துலூஸில் வேலை கிடைத்து, அங்கேயே ஒருவரை விரும்பிக் கட்டிக்கொண்டாள். வருடத்தில் இரண்டு மூன்று தரம் கதைக்கிறோம், பெரும்பாலும் பிரெஞ்சில். அக்கா கட்டவில்லை. “நல்ல பொடியன்” என்று அம்மா எப்போதாவது சொல்வா. “ஓம், நல்ல பொடியன்தான்” என்று அக்காவும் சொல்வாள். கதை அத்தோடு முடியும்.

அக்கா சொன்ன அந்த வாக்கியம் லா சப்பல் முழுக்க ஒரு கிழமைக்குள் நடந்து திரிந்தது. முன்பெல்லாம் எங்கள் குளிர்பெட்டிக் கதவு தெரியாத அளவுக்கு அழைப்பிதழ்கள் இருக்கும். கலியாணம், பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு, பிறந்தநாள். எல்லாம் பொன்னெழுத்து, வாசனை அடிக்கிற அட்டை. அம்மா அவற்றைக் காந்தத்தால் ஒட்டி, திகதி வாரியாக அடுக்குவா. அவை ஒவ்வொன்றாய்க் குறைந்தன. சேலை உடுத்தி மண்டபத்துக்குப் போகிற ஞாயிறுகள் நின்றுபோயின. அம்மா அதற்காக ஒரு வருடம் அழுதா என்பதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் திரும்பவும் அந்த அறையில் அந்தக் கேள்வி விழுந்தால், அக்கா சொல்லுமுன் நான் சொல்வேன்.

கடைசியில் அந்தக் கதவு வெறும் வெள்ளையானது. ஒரே ஒரு அட்டைதான் மிச்சம். துலூஸில் ஒரு தேவாலயத்தில் நடந்த கலியாணத்துக்கு அச்சடித்தது. திகதி போய் நான்கு வருடம். அந்தக் கலியாணத்துக்கு அம்மா அரைநாள் ரயிலில் வந்து, முன் வரிசையில் இருந்து, மத்தியானம் பந்தியில் மீன் குழம்புக்கு இரண்டாம் தரமும் கை நீட்டினா. போன மாதம் குளிர்பெட்டி பழுதாகிப் புதிதொன்று வாங்கினோம். பழையதைக் கொண்டுபோக ஆட்கள் வந்தபோது அம்மா ஓடிப்போய் அந்த அட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டா. புதியதன் கதவில் காந்தம் ஒட்டாது. பசைத்துண்டு வாங்கி வரச்சொல்லி என்னைக் கீழே கடைக்கு அனுப்பினா.